தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்த டாக்டர்... ஆயுள் முழுக்க கொசுவோடு மல்லுக்கட்டிய ரொனால்ட் ராஸ் கதை!

மழைக்காலம் வந்துவிட்டால் கையில் டார்ச்சோடு ஒரு சுகாதார ஊழியர் நம்ம வீட்டு வாசலில் வந்து நிற்பார். மொட்டைமாடித் தொட்டி மூடியிருக்கா, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி உள்ள ட்ரேயில் தண்ணீர் நிற்குதா, பூந்தொட்டித் தட்டு காய்ந்திருக்கா என்று எட்டிப் பார்ப்பார். நம்மில் பலருக்கு அது எரிச்சலாக இருக்கும். இத்தனை பெரிய சாக்கடையை விட்டுவிட்டு என் வீட்டு பக்கெட்டைப் பார்க்க வந்துட்டாரே என்று தோன்றும்.

அந்த பக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. கதையின் நாயகன் ரொனால்ட் ராஸ். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று நிரூபித்து நோபல் பரிசு வாங்கியவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருப்போம். ஆனால் அந்த மனுஷன் உண்மையில் அதிகம் போராடியது மைக்ராஸ்கோப்போடு இல்லை, தேங்கிய தண்ணீரைக் கொட்ட மனசு வராத அதிகாரிகளோடுதான்.

பெங்களூரு, 1883

அப்போது ராஸுக்கு வயது 26. ராணுவ மருத்துவராக பெங்களூருவில் வேலை. நல்ல பங்களா கொடுத்திருந்தார்கள். ஆனால் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. எங்கிருந்து வருது என்று தேடிப் பார்த்தவர் கண்ணில் பட்டது, ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்த ஒரு தண்ணீர்த் தொட்டி. உள்ளே பார்த்தால் குட்டிக் குட்டியாக நெளிகிற புழுக்கள். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்துவிட்டது.

நமக்கு இது சாதாரண விஷயம். அந்தக் காலத்தில் இல்லை. ராஸ் உற்சாகமாகி, ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸைச் சுற்றி இருக்கிற தொட்டி, பூச்சாடி எல்லாவற்றிலும் இதையே செய்யலாம் என்று பொறுப்பில் இருந்த அதிகாரியிடம் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். இயற்கை ஏதோ காரணத்துக்காகத்தான் கொசுவைப் படைத்திருக்கு, அதை நாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சு இருக்கிறது என்று ராஸுக்கும் அன்றைக்குத் தெரியாது. மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் நச்சுக் காற்றுதான் காய்ச்சலைக் கொடுக்கிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். தன் தூக்கம் கெடுகிறதே என்றுதான் அவர் தொட்டியைக் கவிழ்த்தார். ஆனால் அன்று கேட்ட மறுப்பை கடைசிவரை அவர் மறக்கவில்லை. 1923-ல் வெளியான தன் வாழ்க்கைக் குறிப்பிலும் அதை எழுதிவைத்தார்.

மருத்துவம் பிடிக்காத மருத்துவர்

ராஸ் பிறந்தது இந்தியாவில்தான். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள அல்மோரா என்ற மலை ஊரில், 1857 மே 13-ம் தேதி. சிப்பாய்க் கலகம் வெடித்த அதே மாதம். அப்பா பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ராஸ்தான் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அவருக்கு ஆசை எல்லாம் கவிதை, ஓவியம், இசை. அப்பாவுக்கோ மகன் இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும். நம்ம ஊர் கதை மாதிரியே இருக்கா? அப்பாதான் ஜெயித்தார். லண்டனில் வேண்டாவெறுப்பாக மருத்துவம் படித்து, ஒரு தேர்வில் தோற்று, கொஞ்ச நாள் கப்பலில் டாக்டர் வேலை பார்த்து, ஒருவழியாக 1881-ல் இந்திய மருத்துவப் பணிக்குள் வந்தார். ஒதுக்கப்பட்டது மெட்ராஸ் மாகாணம்.

முதல் சில வருஷங்கள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பர்மா, அந்தமான் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்டார், கவிதை எழுதினார், நாவல் கூட எழுதினார். 1889-ல் ரோசா ப்ளாக்ஸம் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

திருப்பம் வந்தது 1894-ல். விடுமுறைக்கு லண்டன் போனபோது பாட்ரிக் மேன்சன் என்ற மூத்த மருத்துவரைச் சந்தித்தார். மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒரு கிருமி இருப்பதை பிரெஞ்சு மருத்துவர் லவரான் 1880-லேயே அல்ஜீரியாவில் கண்டுபிடித்திருந்தார். ராஸ் அதை நம்பாமல் இருந்தார். மேன்சன் மைக்ராஸ்கோப்பில் நேரடியாகக் காட்டியதும் நம்பினார். மேன்சனிடம் இன்னொரு சந்தேகமும் இருந்தது. யானைக்கால் நோயின் புழு கொசுவுக்குள் வளர்வதை சீனாவில் இருந்தபோது பார்த்தவர் அவர். மலேரியாவும் கொசுவுக்குள் போகிறதோ? இந்தியாவில் இருக்கிற ஒருவர்தான் இதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்றார். ராஸுக்கு அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு.

தப்பான கொசு, ரெண்டு வருஷம்

1895-ல் செகந்திராபாத் வந்து வேலையைத் தொடங்கினார். தொடங்கியதுமே சிக்கல். கொசுக்களில் எத்தனை வகை, எதற்கு என்ன பெயர் என்று பார்க்க அவர் கையில் ஒரு புத்தகம் இல்லை. அதனால் தானே பெயர் வைத்தார். சாம்பல் நிறக் கொசு, வரி போட்ட கொசு, அவ்வளவுதான். இந்த இரண்டையும் புழுவிலிருந்து வளர்த்து, மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டு, பிறகு ஒவ்வொன்றாக அறுத்து உள்ளே தேடினார். நூற்றுக்கணக்கில் அறுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றைக்கு நமக்குக் காரணம் தெரியும். அவர் சாம்பல் என்றது க்யூலெக்ஸ், வரி போட்டது என்றது ஏடிஸ். ரெண்டுமே மனித மலேரியாவைப் பரப்பாது. ஆனால் க்யூலெக்ஸ்தான் யானைக்கால் நோயைப் பரப்புகிறது. ஏடிஸ்தான் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிறது. அவர் ரெண்டு வருஷமாக உதறித்தள்ளிய கொசுக்கள்தான் இன்று மழை விட்டதும் நம்மைப் படுத்தி எடுப்பவை!

மேன்சனிடமும் ஒரு பிழை இருந்தது. கொசு ஒரு தடவைதான் ரத்தம் குடிக்கும், பிறகு தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குத்தான் மலேரியா வரும் என்று அவர் நினைத்தார். குரு சொன்னதை நம்பி, கொசு செத்துக் கிடந்த தண்ணீரை சிலரைக் குடிக்கவைத்தே சோதனை செய்தார் ராஸ். காசு கொடுத்துத்தான், அவர்கள் சம்மதத்தோடுதான் என்று அவர் பக்கம் சொல்வார்கள். வெள்ளைக்கார அதிகாரி, கூலிக்கு நிற்கும் ஏழை... அந்தச் சம்மதத்துக்கு எவ்வளவு அர்த்தம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பரிசோதனைகளில் எதுவும் நிரூபணமாகவில்லை.

நடுவில் காலரா வந்தது. மலேரியா வேலையை நிறுத்திவிட்டு பெங்களூருவுக்குப் போய் ஊர்ச் சுகாதாரத்தைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குடிநீர், கழிவுநீர், குப்பை. அதில் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் போனது. வீணாகப் போன காலம் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னாளில் அவர் செய்த வேலைக்கு அடித்தளமே இதுதான்.

சீகூரில் பார்த்த கொசு

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1897-ல் விடுமுறையில் ஊட்டிக்கு வந்த ராஸ், அங்கே சும்மா இருக்காமல் மலைக்குக் கீழே மலேரியாவுக்குப் பெயர்போன சீகூர் பக்கம் இறங்கிப் போனார். பலன் உடனே கிடைத்தது. அவருக்கே மலேரியா வந்துவிட்டது!

ஆனால் அங்கேதான் அவர் அதுவரை கவனிக்காத ஒரு கொசுவைப் பார்த்தார். இறக்கையில் புள்ளி. சுவரில் உட்காரும் விதமே வேறு. மற்ற கொசுக்கள் உடம்பை மடக்கி உட்காரும். இது வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக நின்றது. பெயர் தெரியாது. மனசில் குறித்துக்கொண்டார். அனோபிலிஸ் என்று நாம் சொல்வது இந்த இனத்தைத்தான்.

செகந்திராபாத் திரும்பிய பிறகு, கொசு பிடிக்க அமர்த்தியிருந்த ஆட்கள் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பாட்டிலில் புழுக்களைக் கொண்டுவந்தார்கள். அது கொசுவாகி வெளியே வந்தபோது, அதே புள்ளி இறக்கை. உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, உள்ளே இந்தக் கொசுக்களைத் திறந்துவிட்டார். ரத்தம் குடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா கூலி. உசேன் கானுக்குக் கிடைத்தது மொத்தம் எட்டு அணா. மருத்துவ வரலாற்றை மாற்றிய சோதனைக்கு அவர் வாங்கிய சம்பளம் அரை ரூபாய்.

அடுத்த நாட்கள் எப்படி இருந்தன என்பதைக் கேட்டால் ஏசி அறையில் உட்கார்ந்து படிக்கிற நமக்கு வியர்க்கும். கடுமையான புழுக்கம். தலைக்கு மேலே பங்கா இருந்தும் இழுக்கச் சொல்ல முடியாது, காற்று வந்தால் அறுத்துவைத்த கொசு பறந்துவிடும். நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன. கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மிச்சம் இருந்த புள்ளி இறக்கைக் கொசுக்களோ விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

1897 ஆகஸ்ட் 20. அந்தச் சிலவற்றில் ஒன்றை அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்ட வட்டமாக சில செல்கள். உள்ளே கரும்புள்ளிகள். மலேரியா கிருமியில் மட்டுமே பார்த்திருந்த அதே கரும்புள்ளிகள்! மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அதே செல்கள், ஆனால் கொஞ்சம் பெரிதாக. அப்படியென்றால் கிருமி கொசுவுக்குள் வளர்கிறது. மனைவிக்கு அனுப்பிய சேதியோடு ஒரு கவிதையும் போனது. ஆகஸ்ட் 20-ஐ உலகக் கொசு தினம் என்று இன்றும் சொல்வது இதனால்தான்.

கண்டுபிடிச்சாச்சு... டிரான்ஸ்ஃபர்!

இனிமேல் அரசு அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதமே ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மலேரியாவே அபூர்வம். கையில் விடை கிடைத்த நேரத்தில் நோயாளி இல்லாத ஊர். லண்டனில் இருந்து மேன்சன் மேலிடத்தில் பேசி, 1898 தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆறு மாதம் தனி ஆய்வுப் பணி வாங்கிக் கொடுத்தார்.

கல்கத்தாவில் வேறு பிரச்சினை. பிளேக் தடுப்பூசிப் பீதியில் மக்கள் ஊசி, மைக்ராஸ்கோப் என்றாலே ஓடினார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. அதனால் ராஸ் பறவைகளுக்கு மாறினார். குருவிகளுக்கும் மலேரியா வரும். அதைப் பரப்புவது அவருக்கு நன்றாகப் பழக்கமான அந்தச் சாம்பல் நிறக் கொசு. முகமது பக்ஸ், கிஷோரி மோகன் பந்தோபாத்யாய் போன்ற இந்திய உதவியாளர்கள் கூட இருந்தார்கள். 1898 ஜூலையில் விடை முழுசாக வந்தது. கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து, வெடித்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்த கடியில் எச்சிலோடு உள்ளே இறங்குகிறது. நோயைக் கொடுப்பது தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. கொசுக்கடி.

அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கிராஸியும் அவருடைய சகாக்களும் மனித மலேரியாவை அனோபிலிஸ் கொசு மூலம் முழுசாக நிரூபித்தார்கள். யார் முதல் என்று ராஸுக்கும் கிராஸிக்கும் பெரிய சண்டை. 1902-ல் மருத்துவ நோபல் ராஸுக்கு மட்டும் போனது. கிராஸிக்குக் கிடைக்கவில்லை என்பதில் இன்றைக்கும் பலருக்கு வருத்தம் உண்டு. ராஸ் சண்டைக்காரர்தான். பின்னாளில் குரு மேன்சனோடும் மனஸ்தாபம். அந்தப் பக்கத்தை நீட்ட வேண்டாம், நம் விஷயம் வேறு.

அசல் சண்டை இங்கேதான்

1899-ல் இந்திய வேலையை விட்டுவிட்டு, ஆண்டுக்கு 250 பவுண்டு சம்பளத்தில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டு மழைக்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனுக்குப் போனார். வெள்ளைக்காரர்களின் கல்லறை என்று பெயர் எடுத்த ஊர் அது. அங்கே கொசுப்புழு இருந்த இடம் பெரிய சதுப்பு நிலம் இல்லை. தெருவோரம் மழைநீர் தேங்கிய சின்னச் சின்னக் குட்டைகள். வீட்டுப் பக்கம் போனால் டப்பா, உடைந்த பாட்டில், பானை. 1901-ல் மறுபடி போய், ஒரு தனியாரின் நன்கொடையில் ஆட்களை அமர்த்தி, குட்டைகளை மூடி, டப்பாக்களை வண்டி வண்டியாக அள்ளவைத்தார். அரசு செய்திருக்க வேண்டிய வேலை.

இது உண்மையில் பலிக்குமா என்ற கேள்விக்கு பதில் எகிப்தில் கிடைத்தது. சூயஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியா. நன்னீர்க் கால்வாய் வெட்டிய பிறகு மலேரியாவும் வந்து குடியேறிய ஊர். ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் காய்ச்சல். 1902-ல் கால்வாய் கம்பெனி ராஸைக் கூப்பிட்டது. அவர் சொன்னபடி, சதுப்பு நிலத்தை வடித்தார்கள். இன்னொரு குழு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் கழிவுநீர்த் தொட்டியில் எண்ணெய் ஊற்றியது. 1903-ல் காய்ச்சல் எண்ணிக்கை 214. அதன் பிறகும் குறைந்துகொண்டே போனது.

வீடுகளுக்கு எண்ணெய் ஊற்றும் குழு போனது வாரத்துக்கு ஒரு தடவை. ஏன் வாரம்? நம் மாதிரி வெயில் நாட்டில் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் தாண்டி கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை கலைத்துவிட்டால் பறக்கும் முன்பே கதை முடிந்தது. இப்போது வாரம் ஒருநாள் தொட்டியைக் காயப்போடுங்கள் என்று சொல்கிறார்களே, அதே கணக்கு. ஏடிஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். சென்னை மாதிரி நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகையும் கிணற்றிலும் மூடாத மாடித் தொட்டியிலும்தான் வளர்கிறது. அதனால்தான் டார்ச்சோடு வருபவர் மாடிக்கு ஏறுகிறார்.

இந்தியாவில் என்ன நடந்தது என்பதுதான் வேதனை. 1902 முதல் லாகூர் அருகே மியான் மீர் ராணுவ முகாமில் அரசு ஒரு சோதனை நடத்தியது. வாய்க்கால், குட்டைகளைத் தூர்த்து கொசுவைக் குறைக்கப் பார்த்தார்கள். சில வருஷம் கழித்து, பெரிதாகப் பலன் இல்லை, செலவுதான் மிச்சம் என்று முடிவு கட்டினார்கள். ராஸ் கொதித்துப்போனார். சின்ன இடம், அரைகுறை வேலை, சுற்றிலும் கொசு வந்துகொண்டே இருக்கிறது, இதை வைத்து எப்படி முடிவு சொல்வீர்கள் என்பது அவர் வாதம். 1909-ல் சிம்லாவில் மலேரியா மாநாடு கூடியபோதும் சண்டை ஓயவில்லை. அரசுக்கு க்வினைன் மாத்திரை கொடுப்பது சுலபமாகத் தெரிந்தது. மாத்திரைக்கு பில் போடலாம். தூர்த்த குட்டைக்கு அடுத்த மழையிலும் ஆள் போட வேண்டும்.

எதிர்த்தரப்பில் சொன்னது முழுக்க அபத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. அத்தனை பெரிய நாட்டில், நெல்வயலும் வாய்க்காலும் நிறைந்த கிராமங்களில் ஒவ்வொரு கொசுவையும் ஒழிப்பது நடக்கிற காரியமா?

இதற்கு ராஸ் சொன்ன பதில்தான், என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை. மொரீஷியஸ் தீவுக்கு 1907-ல் ஆய்வுக்குப் போனவர், சின்ன வயசில் இருந்து பிடித்த கணக்கைக் கையில் எடுத்தார். ஒரு நோயாளியைக் கடிக்கிற கொசு எத்தனை, அதில் கிருமி முற்றும் வரை உயிரோடு இருப்பது எத்தனை, அது மறுபடி இன்னொரு மனுஷனைக் கடிப்பது எத்தனை என்று சமன்பாடு போட்டார். எல்லாக் கொசுவையும் கொல்லத் தேவையே இல்லை என்று வந்தது விடை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொசு குறைந்தால் போதும், நோய் தன்னால் தேய்ந்துபோகும். கொரோனா காலத்தில் ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுது, அது ஒன்றுக்குக் கீழே வந்ததா என்று தினமும் டிவியில் கேட்டோமே, அந்தக் கணக்கின் வேர்களில் ஒன்று இதுதான்.

பனாமாவில் இந்த வழியை நம்பினார்கள். கால்வாய் தோண்ட வந்த அமெரிக்கர்களின் சுகாதாரத் தலைவர் கோர்காஸ் 1904-ல் ராஸை அழைத்து ஆலோசனை கேட்டார். முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தொழிலாளர்களைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துக் கைவிட்ட கால்வாய் அது. கொசுவை அடக்கிய பிறகு, 1914-ல் கப்பல் போனது.

கடைசிக் காலம்

அதே 1914-ல், முதல் உலகப்போர் தொடங்கிய மாதத்திலேயே, மூத்த மகன் கேம்ப்பெல் பிரான்சில் நடந்த சண்டையில் இறந்துபோனார். சர் பட்டம், விருதுகள் எல்லாம் வந்தன. பணம் மட்டும் வரவில்லை. அம்மைத் தடுப்பூசி கண்ட ஜென்னருக்கு நாடாளுமன்றம் பணம் கொடுத்ததே, எனக்கும் கொடுங்கள் என்று மனு போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. 1926-ல் லண்டனில் அவர் பெயரில் ஒரு ஆய்வு நிலையமும் மருத்துவமனையும் திறந்தார்கள். அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்கு வந்து, தான் வேலை செய்த மருத்துவமனை வளாகத்தில் கட்டிய நினைவு வாயிலைத் திறந்துவைத்தார்.

1928-ல் தன் ஆய்வுக் குறிப்புகளையும் கடிதங்களையும் விற்பனைக்கு விளம்பரம் செய்தார். வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஹூஸ்டன் சீமாட்டி என்ற செல்வந்தர் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டார். மனைவி ரோசா 1931-ல் காலமானார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 16-ம் தேதி, தன் பெயரிலேயே இருந்த அந்த மருத்துவமனையில் ராஸ் இறந்தார். வயது 75. லண்டன் பட்னி வேல் கல்லறையில் ரோசாவுக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

செகந்திராபாத்தில் அவர் வியர்வை வழிய உட்கார்ந்து வேலை செய்த கட்டடம் இன்னும் இருக்கிறது. ஐதராபாத் போனால், பேகம்பேட்டை பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.